குடியை விட்டவர் எங்கே போவது?

கார்த்திகை பிறந்ததும் விருதுநகர் மாவட்டத்தில் ஊருக்கு ஊர் பலர் மாலை போடுகிறார்கள். ஆண்டு முழுவதும் குடித்தவர்கூட விரதம் முடியும்வரை மதுவைத் தொடுவதில்லை. மலைக்குப் போய்வந்து மாலையைக் கழற்றிய பின் அவர்களில் சிலர் மறுபடி கடை வாசலில் நிற்கிறார்கள். குடியை விடுவதாகக் கோயிலில் கயிறு கட்டிக்கொள்பவர்களிலும் இப்படி உண்டு. 'மன உறுதி இல்லாத ஆள்' என்று ஊர் சொல்லிவிடுகிறது.

அந்த முடிவு சரிதானா என்று யோசிக்க வேண்டும். ஒரு மண்டலம் குடிக்காமல் இருந்தவருக்கு உறுதி இருந்திருக்கிறது. அவரால் குடியை நிறுத்த முடிந்தது. நிறுத்தியபடியே இருக்கத்தான் முடியவில்லை. இவை இரண்டு தனித்தனி வேலைகள். விரத காலத்தில் அவரைச் சுற்றி உடன் மாலை போட்டவர்கள் இருந்தார்கள். தினமும் பஜனை, பூசை என்று மாலைப் பொழுதுக்கு ஒரு வேலை இருந்தது. வீடும் தெருவும் அவரை மதித்து 'சாமி' என்று கூப்பிட்டன. மாலையைக் கழற்றிய அன்றே இவை எல்லாம் விலகிவிடுகின்றன. விலகிய இடத்தில் வேறெதுவும் வருவதில்லை.

அந்த இடத்தை ஆண்டு முழுவதும் நிரப்புவதற்கான ஏற்பாடுதான் ஆதரவுக் குழு. குடியை விட்டவர்களும் விட நினைப்பவர்களும் குறித்த நாளில், குறித்த இடத்தில் கூடிப் பேசுவார்கள். நம் ஊர்களில் குழு என்றதும் மகளிர் சுயஉதவிக் குழுதான் நினைவுக்கு வரும். இதில் சேமிப்பும் இல்லை, கடனும் இல்லை. உலகெங்கும் பரவியிருக்கும் இத்தகைய குழுக்களில் பெரியது ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ். தமிழ்நாட்டில் அதைச் சுருக்கமாக ஏ.ஏ. என்கிறார்கள். தங்கள் பெயரை வெளியே சொல்லிக்கொள்ளாத குடிநோயாளிகளின் கூட்டமைப்பு என்பது அதன் பொருள்.

குடிநோய் என்ற சொல்லையும் இங்கே தெளிவாக்கிக்கொள்ளலாம். குடிப்பவர் எல்லோரும் குடிநோயாளிகள் அல்ல. எப்போது தொடங்குவது, எவ்வளவோடு நிறுத்துவது என்ற இரண்டும் ஒருவரின் கையை விட்டுப் போய்விட்ட நிலையே குடிநோய். நடுவண் அரசுக்காக எய்ம்ஸ் நிறுவனம் நடத்திய நாடு தழுவிய ஆய்வு 2019இல் வெளியானது. மதுவால் ஏற்பட்ட சிக்கலுக்காக உதவி தேவைப்படுவோர் இந்தியாவில் சுமார் 5.7 கோடி பேர் என்று அது கணக்கிட்டது. மதுவைச் சார்ந்து போனவர்களில் 38 பேருக்கு ஒருவர்தான் ஏதேனும் ஒரு சிகிச்சை பெற்றிருந்தார்.

ஏ.ஏ. ஒரு மருத்துவரின் கண்டுபிடிப்பாகத் தொடங்கவில்லை. 1935 மே மாதம் நியூயார்க் பங்குத் தரகர் பில் வில்சன், தொழில் விஷயமாக அமெரிக்காவின் ஆக்ரன் நகருக்குப் போயிருந்தார். அவர் குடியை விட்டுச் சில மாதங்களே ஆகியிருந்தன. போன காரியம் தோற்றது. குடிக்கத் தோன்றியது. தன்னைப் போன்ற இன்னொரு குடிநோயாளியிடம் பேசினால் தப்பிக்கலாம் என்று நினைத்துத் தேடினார். அறுவை மருத்துவர் பாப் ஸ்மித் கிடைத்தார். அறிவுரை சொல்ல வந்திருப்பார் என்று எதிர்பார்த்த ஸ்மித்திடம் வில்சன் தன் கதையைத்தான் சொன்னார். ஸ்மித் கடைசியாகக் குடித்த 1935 ஜூன் 10ஆம் தேதியையே ஏ.ஏ. தன் தொடக்க நாளாகக் கொள்கிறது. இந்தியாவில் 1950களின் பிற்பகுதியில் அது வேரூன்றியது.

அந்த முதல் சந்திப்பில் நடந்ததுதான் இன்றும் ஒவ்வொரு கூட்டத்திலும் நடக்கிறது. குடியிலிருந்து மீண்ட ஒருவர் தன் அனுபவத்தை இன்னொருவருக்குச் சொல்கிறார். கேட்பவருக்கு அது உதவுகிறது. சொல்பவருக்கும் உதவுகிறது என்பதுதான் வில்சன் கண்டுகொண்டது.

ஒரு கூட்டத்துக்குப் போனால் என்ன இருக்கும்? கூட்டம் பெரும்பாலும் ஒரு மணி முதல் ஒன்றரை மணி நேரம் நடக்கும். பள்ளி வகுப்பறை, தேவாலய வளாகம், மருத்துவமனையின் ஓர் அறை என்று எளிய இடமாக இருக்கும். மேடையோ சிறப்புப் பேச்சாளரோ கிடையாது. உறுப்பினர்களில் ஒருவர் அன்றைய கூட்டத்தை நடத்துவார். இன்னொரு நாள் வேறொருவர் நடத்துவார். சிறு மௌனத்தோடோ பிரார்த்தனையோடோ தொடங்கும். ஏ.ஏ. நூல்களிலிருந்து ஒரு பகுதியை வாசிப்பார்கள். அதன் பிறகு பகிர்தல். ஒருவர் தன் பெயரைச் சொல்லி, தான் ஒரு குடிநோயாளி என்று கூறி, தன் அனுபவத்தைப் பேசுவார். முன்பு எப்படி இருந்தேன், என்ன நடந்தது, இப்போது எப்படி இருக்கிறேன் என்ற வரிசையில் பேச்சு அமையும்.

ஒருவர் பேசும்போது மற்றவர் குறுக்கிடுவதில்லை. முடித்த பிறகு அவருக்குப் புத்தி சொல்வதும் இல்லை. யாரைக் கண்டாலும் ஆலோசனை சொல்லிப் பழகிய நமக்கு இது புதிதாக இருக்கும். புதிதாக வருபவர் பேசியே ஆக வேண்டும் என்ற கட்டாயமில்லை. கடைசி வரிசையில் உட்கார்ந்து கேட்டுவிட்டு எழுந்து போகலாம். குடியை நிறுத்த வேண்டும் என்ற விருப்பம் ஒன்றுதான் சேர்வதற்கான தகுதி.

கூட்டங்கள் இரண்டு வகை. திறந்த கூட்டத்துக்குக் குடும்பத்தினர், நண்பர்கள், மருத்துவர், மாணவர் என யாரும் வரலாம். மூடிய கூட்டம் குடிநோயாளிகளுக்கு மட்டும். முதல்முறை மனைவியோ அண்ணனோ உடன் வந்தால்தான் போவேன் என்பவர், அன்று நடப்பது திறந்த கூட்டமா என்று கேட்டுக்கொண்டு போவது நல்லது.

சில நாள் போன பிறகு ஒரு ஸ்பான்சரைத் தேடிக்கொள்ளச் சொல்வார்கள். ஸ்பான்சர் என்பவர் நீண்ட காலமாகக் குடிக்காமல் இருக்கும் ஒரு மூத்த உறுப்பினர். பெரும்பாலும் அதே பாலினத்தவர். குடிக்கத் தோன்றும் நேரத்தில் அவரைத் தொலைபேசியில் அழைக்கலாம். பன்னிரண்டு படிகள் எனப்படும் ஏ.ஏ.யின் பயிற்சி முறையை அவரே படிப்படியாகக் கற்றுத்தருவார். தன் இயலாமையை ஒப்புக்கொள்வது, தன்னைத்தானே சோதித்துப் பார்ப்பது, தன்னால் துன்பப்பட்டவர்களுக்கு ஈடு செய்வது, பிறருக்கு உதவுவது என்பவை அந்தப் படிகளின் சாரம்.

'இனி வாழ்நாளில் குடிக்க மாட்டேன்' என்று யாரும் சத்தியம் வாங்குவதில்லை. இன்றைக்கு ஒரு நாள் குடிக்காமல் இருப்பது என்பதுதான் இலக்கு. மறுநாள் காலையில் அதே இலக்கு மறுபடி தொடங்கும். இடையில் ஒருவர் குடித்துவிட்டால் அவரை நீக்குவதில்லை. நாள்கணக்கை முதலிலிருந்து தொடங்கச் சொல்வார்கள், அவ்வளவுதான். குடிக்காமல் ஓராண்டு முடித்தவருக்கு அந்த நாளைப் பிறந்தநாள் என்று கொண்டாடும் வழக்கம் இந்தியக் குழுக்களில் இருக்கிறது.

கட்டணம் எதுவும் இல்லை. கூட்ட முடிவில் உறுப்பினர்கள் மட்டும் விரும்பியதைப் போடுவார்கள். வாடகை, தேநீர், புத்தகம் ஆகிய செலவுக்கு அது போய்விடும். வெளியார் நன்கொடையை ஏ.ஏ. வாங்குவதில்லை. கட்சி, அரசு, நிறுவனம் எதனோடும் சேர்வதில்லை. பொது விவாதங்களில் கருத்துச் சொல்வதும் இல்லை. 1937இல் சேலத்தில் ராஜாஜி தொடங்கிய மதுவிலக்கு முதல் 1971இல் அது தளர்ந்தது, 2003இல் சில்லறை விற்பனை டாஸ்மாக் கைக்குப் போனது வரை, மதுவைப் பற்றிப் பேசினாலே அரசியலாகும் மாநிலம் இது. கடை வேண்டுமா வேண்டாமா என்ற கேள்விக்கு ஏ.ஏ.யில் விடை கிடைக்காது. கடை திறந்திருக்கும் தெருவில் குடிக்காமல் வீடு போய்ச் சேருவது எப்படி என்பதே அங்கே பேசப்படும் விஷயம்.

சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை வட்டாரத்தில் இந்த 'எப்படி' என்பதற்குத் தனி முக்கியத்துவம் உண்டு. பட்டாசு, தீப்பெட்டி, அச்சுத் தொழில்களில் வாரக்கூலி வழக்கம் பரவலாக உள்ளது. கூலி கைக்கு வரும் சனிக்கிழமை மாலையும், கூட்டாளிகள் சேர்ந்து கடைக்குப் போகும் மாலையும் ஒன்றாகவே அமைகின்றன. தீபாவளிக்கு முன் போனஸ் வரும். தீபாவளி முடிந்ததும் ஆலைகள் சில வாரம் மூடிக் கிடக்கும். கையில் வேலையில்லாத நாட்கள் அவை. விருதுநகரில் பங்குனிப் பொங்கல், சிவகாசியில் சித்திரைப் பொங்கல் என்று திருவிழாக்களும் வரும். குடியை விட்டவர் வழுக்கி விழக்கூடிய நாட்கள் இவை என்று நாள்காட்டியைப் பார்த்தே சொல்லிவிடலாம். அந்த மாலைகளில் போய் உட்கார ஓர் இடமும், கேட்டுப் புரிந்துகொள்ளும் நாலு பேரும் இருக்கிறார்களா என்பதைப் பொறுத்துத்தான் பலன் அமைகிறது. குழுவில் சேர்ந்தவரின் நட்பு வட்டம் மாறுவது, ஏ.ஏ. பலன் தரும் வழிகளில் முக்கியமானது என்று ஆய்வாளர்களும் கண்டிருக்கிறார்கள்.

இங்கே ஓர் எச்சரிக்கை அவசியம். பல ஆண்டுகள் தினமும் அதிகமாகக் குடித்தவர் திடீரென்று தானாக நிறுத்துவது ஆபத்து. மதுவுக்குப் பழகிய நரம்பு மண்டலம் அது கிடைக்காதபோது கொந்தளிக்கும். இதற்கு விலகல் அறிகுறிகள் என்று பெயர். கடைசியாகக் குடித்த சில மணி நேரத்திலேயே கை நடுக்கம், வியர்வை, தூக்கமின்மை, படபடப்பு தொடங்கலாம். முதல் இரண்டு நாட்களில் சிலருக்கு வலிப்பு வரும். இரண்டு மூன்று நாட்களில் இன்னும் சிலருக்கு நேரம், இடம், ஆள் தெரியாத பிதற்றல் நிலை வரும். கவனிக்காவிட்டால் உயிருக்கே ஆபத்தாகும். மருத்துவமனையில் மருந்தும் வைட்டமின் பி1 ஊசியும் கொடுத்து இந்த நாட்களைப் பாதுகாப்பாகக் கடக்க வைக்கலாம். மாலை போட்டு நிறுத்துபவர்களுக்கும் இது பொருந்தும். குழு இந்தச் சிகிச்சைக்கு மாற்று அல்ல. சிகிச்சை முடிந்த பிறகு வரும் நீண்ட காலத்துக்கு உரியது.

பட்டாசு ஆலைத் தொழிலாளிக்கு விலகல் அறிகுறிகள் இன்னொரு வகையிலும் முக்கியம். 2008ஆம் ஆண்டின் வெடிபொருள் விதிகள், போதையில் உள்ள எவரையும் உரிமம் பெற்ற வளாகத்துக்குள் விடக் கூடாது என்கின்றன. முந்தைய இரவு குடித்துவிட்டு மறுநாள் காலை ஆலைப் பேருந்தில் ஏறும் ஒருவரிடம் மது வாடை இல்லாமல் இருக்கலாம். ஆனாலும் கை நடுக்கம் இருக்கக்கூடும். அலுமினியத் தூளும் கந்தகமும் வெடியுப்பும் கலந்த மருந்தை உராய்வே பற்றவைத்துவிடும். அந்தக் கலவையைக் கையாளும் இடத்தில் போதையுள்ள கையைப் போலவே நடுங்கும் கையும் கவலைக்குரியது. போர்மேனிடம் சொன்னால் வேலை போய்விடும் என்ற அச்சத்தில் பலர் மறைக்கக்கூடும். இதைத் தண்டனையாகப் பார்க்காமல் மருத்துவ விடுப்பாகப் பார்க்கும் ஆலை, தன் பாதுகாப்பையும் பார்த்துக்கொள்கிறது.

குடும்பத்தாருக்கும் தனி ஏற்பாடு இருக்கிறது. 1951இல் பில் வில்சனின் மனைவி லோயிஸ் மற்றொரு பெண்ணோடு சேர்ந்து தொடங்கிய அல்-அனான், குடிநோயாளியின் மனைவி, தாய், பிள்ளைகளுக்கான குழு. குடிப்பவரை எப்படித் திருத்துவது என்பதற்கு அது வழி சொல்லாது. அவர் குடித்தாலும் குடிக்காவிட்டாலும் தாங்கள் நிம்மதியாக வாழ்வது எப்படி என்று கற்றுக்கொள்ளும் இடம் அது. வீட்டுக்காரர் வர மறுக்கும்போது மனைவி மட்டும் முதலில் போகலாம்.

அவசரப்பட்ட குடும்பம் செய்யும் இரண்டு காரியங்களைத் தவிர்க்க வேண்டும். ஒன்று, குடிப்பவருக்குத் தெரியாமல் சோற்றிலோ காப்பியிலோ மருந்து கலப்பது. சில மருந்துகள் உடலில் இருக்கும்போது மது குடித்தால் வாந்தி, நெஞ்சுப் படபடப்பு, இரத்த அழுத்தச் சரிவு வரும். மருத்துவர் சொல்லி, குடிப்பவர் தெரிந்து சம்மதித்துச் சாப்பிட வேண்டிய மருந்துகள் அவை. மற்றொன்று, ஆள் வைத்துத் தூக்கிக்கொண்டு போய் ஏதோ ஒரு மறுவாழ்வு மையத்தில் அடைப்பது. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் மதுவால் வரும் மனநலப் பாதிப்பையும் உள்ளடக்கியது. சேர்த்துச் சிகிச்சை தரும் மையம் பதிவு பெற்றிருக்க வேண்டும். பதிவுச் சான்றைக் கேட்டுப் பார்ப்பது குடும்பத்தின் உரிமை.

இனி, கூட்டத்தைக் கண்டுபிடிப்பது எப்படி? ஏ.ஏ. விளம்பரம் செய்து ஆள் சேர்ப்பதில்லை. அதனால் தேடித்தான் போக வேண்டும். மும்பையில் இயங்கும் ஏ.ஏ. பொதுச் சேவை அலுவலகத்தின் இணையதளத்தில் உதவி எண்களையும் கூட்ட விவரங்களையும் பார்க்கலாம். இடமும் நேரமும் மாறக்கூடியவை என்பதால் கிளம்பும் முன் தொலைபேசியில் உறுதி செய்துகொள்ள வேண்டும். இரண்டாவது வழி, அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவு. 2022 ஜனவரியில் திறக்கப்பட்ட விருதுநகர் அரசு மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனைக்குப் போகலாம். மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவர்களையும் அணுகலாம். தமிழக அரசு 2025இல் 25 அரசு மருத்துவமனைகளில் 'கலங்கரை' என்ற பெயரில் போதை மீட்பு மையங்களைத் தொடங்கியது. சிகிச்சை தரும் இடங்களில் அருகிலுள்ள குழுக்களைப் பற்றி விசாரிக்கலாம். மூன்றாவது, தொலைபேசி. போதை மீட்புக்கான தேசிய உதவி எண் 14446. மனநல ஆலோசனைக்கான டெலிமானஸ் எண் 14416. இரண்டுக்கும் கட்டணம் இல்லை.

'கூட்டத்துக்குப் போனால் ஊருக்கே தெரிந்துவிடுமே' என்ற தயக்கம் சிற்றூர்களில் பெரிது. அங்கே யார் வந்தார்கள், என்ன சொன்னார்கள் என்பதை வெளியே பேசக் கூடாது என்பது ஏ.ஏ.யின் அடிப்படை மரபு. வருகைப் பதிவேடும் கிடையாது. அதுவும் போதவில்லை என்றால் பக்கத்து ஊர்க் கூட்டத்துக்குப் போகலாம். ராஜபாளையத்திலிருந்து திருவில்லிபுத்தூர், சிவகாசி, திருத்தங்கல் வழியாக விருதுநகருக்கு ரயில் பாதை இருக்கிறது; அங்கிருந்து மதுரை சுமார் 50 கிலோமீட்டர். 2020க்குப் பிறகு இணையவழிக் கூட்டங்களும் பரவலாகிவிட்டன. கூட்டத்துக்கு வரத் தயங்கும் பெண் குடிநோயாளிகளுக்கு இவை பெரிய வசதி.

பக்கத்தில் கூட்டமே இல்லாத கிராமம் என்ன செய்வது? ஏ.ஏ.யின் மரபுப்படி, குடிக்காமல் இருப்பதற்காக இரண்டு மூன்று குடிநோயாளிகள் கூடினாலே, வேறெந்த அமைப்போடும் சேராதவரை, அது ஒரு குழு. யாரிடமும் அனுமதி பெற வேண்டியதில்லை. கிராமத்துக்கு வேறொரு முன்மாதிரியும் தமிழ்நாட்டிலேயே இருக்கிறது. கணவரைக் குடியால் இழந்த சாந்தி ரங்கநாதன் 1980இல் சென்னையில் டி.டி.கே. மருத்துவமனையைத் தொடங்கினார். அந்த மருத்துவமனை 1989இல் திருவாரூர் பக்கத்து மஞ்சக்குடியில் சிகிச்சை முகாம் நடத்தியது. நோயாளியை நகரத்துக்கு அழைக்காமல், அவருடைய வட்டாரத்திலேயே, ஊராரின் துணையோடு சிகிச்சை தரும் முறை அது. ஊரே சேர்ந்து நடத்தும் காரியத்தில் வெட்கத்துக்கு இடம் குறைவு.

பலருக்கு இடறும் இன்னொரு விஷயம் கடவுள். பன்னிரண்டு படிகளில் கடவுள் என்ற சொல் வருகிறது. அவரவர் புரிந்துகொண்டபடி என்ற விளக்கத்தோடு வருகிறது. அதை 'மேலான சக்தி' என்றும் சொல்வார்கள். சிலர் அதை அம்மன் என்றும், சிலர் ஏசு என்றும், கடவுள் நம்பிக்கை இல்லாதவர் தன் குழு என்றும் எடுத்துக்கொள்கிறார்கள். எந்த மதச் சடங்கும் கட்டாயமில்லை. இருந்தும் இந்த மொழி ஒட்டவில்லை என்பவர்கள் உண்டு. அவர்களுக்கு மனநல ஆலோசனை, மருந்து, மருத்துவமனை நடத்தும் குழுச் சந்திப்புகள் என வேறு வழிகள் இருக்கின்றன.

இதெல்லாம் பலன் தருகிறதா? மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2020இல் இது பற்றிய 27 ஆய்வுகளை ஆராய்ந்தது. அவற்றில் பங்கேற்றவர்கள் 10,565 பேர். நோயாளிகளை ஏ.ஏ.யில் ஈடுபட முறையாக வழிநடத்திய சிகிச்சையில், ஓராண்டு முடிவில் சுமார் 42 விழுக்காட்டினர் குடிக்காமல் இருந்தார்கள். மற்ற உளவியல் சிகிச்சைகளில் அது சுமார் 35 விழுக்காடு. இவை பெரும்பாலும் மேலைநாட்டு ஆய்வுகள் என்பதை மறக்கக் கூடாது. பாதிக்கு மேற்பட்டவர்கள் எந்த வழியிலும் ஓராண்டைத் தாண்டவில்லை என்பதையும் இதே எண்கள் சொல்கின்றன.

ஆகவே குழுவை எல்லோரையும் குணமாக்கும் மருந்தாக எதிர்பார்க்க வேண்டாம். செலவில்லாத, பக்கவிளைவில்லாத, மற்ற சிகிச்சைகளோடு சேர்ந்து நிற்கக்கூடிய ஒரு வழி என்று மதிப்பிடுவது நியாயம். முதல் கூட்டம் பிடிக்காவிட்டால் வேறு குழுவில் இன்னும் சில கூட்டங்கள் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம். ஊர் செய்யக்கூடியதும் பெரிய காரியமல்ல. மருத்துவமனை, நோயாளியை வீட்டுக்கு அனுப்பும் சீட்டில் அருகிலுள்ள கூட்டத்தின் நாளையும் நேரத்தையும் எழுதித் தரலாம். ஒரு பள்ளியோ சமுதாயக் கூடமோ சனிக்கிழமை மாலையில் ஓர் அறையைத் திறந்து விடலாம்.